‘டி.எல்.எல் காணோம்’ என்றால் என்ன செய்வது? மியன்மார் ஊர்களிலிருந்து கேள்வி பதில் (கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்)

பெகு: அண்ணே, கடைக் கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தால் ‘எம்.எஸ்.வி.சி.பி.140 டி.எல்.எல் இல்லை’ என்கிறது. அந்த ஃபைல் மட்டும் எங்கே கிடைக்கும்?

டி.எல்.எல் என்பது சாஃப்ட்வேர் ஓட உதவும் துணை ஃபைல். அதை மட்டும் தேடாதீங்க தம்பி. அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம், அதாவது சாஃப்ட்வேர் ஓடத் தேவையான ஃபைல்களின் தொகுப்பைச் சேர்ந்தது. 2015-க்குப் பிறகு வந்த தொகுப்பை அவர்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போடுங்க. உங்கள் சாஃப்ட்வேர் 32 பிட்டாக இருந்தால் எக்ஸ்86தான் அதற்கு உதவும். ஃபைலைத் தனியாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீங்க. யார் கை வைத்த ஃபைலோ, எந்த வெர்ஷனோ!

மோல்மேன்: பழைய கேம், ‘டி3டி.எக்ஸ்9_43’ கேட்கிறது.

டைரக்ட்எக்ஸ் (கேம் ஓட உதவும் மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) ஜூன் 2010 ரன்டைம் போடுங்க. விண்டோஸ் 10-லும் 11-லும் இருக்கும் டைரக்ட்எக்ஸ் 12-உடன் அந்தப் பழைய ஃபைல்கள் வருவதில்லை.

தாமைன்: தம்பி, கரண்ட் அடிக்கடி போய் வந்ததிலிருந்து விண்டோஸ் ஃபைலே காணோம் என்று ஒவ்வொன்றாக எர்ரர் வருது. தமிழ்ப் பள்ளி மார்க் எல்லாம் இதில்தான் இருக்கு.

அக்கா, முதலில் மார்க் ஃபைல்களை பென்டிரைவில் காப்பி எடுங்க. கம்ப்யூட்டர் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் ஃபைல் அரைகுறையாக நின்றுவிடும். கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை அடிக்கும் விண்டோ) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி டிரைவுக்கு செக்டிஸ்க்கை (டிஸ்க்கில் உள்ள பிழையைப் பார்க்கும் கட்டளை) ‘ஸ்லாஷ் எஃப்’ சேர்த்துக் கொடுங்க. அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகும்போது ஓடட்டுமா என்று கேட்கும். ஒய் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்க. அப்புறம் டிஸம் கட்டளையை ‘ரெஸ்டோர் ஹெல்த்’ சேர்த்து ஓட்டுங்க. கடைசியாக எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்; கெட்ட விண்டோஸ் ஃபைலை மாற்றும் கட்டளை இது. எஸ்.எஃப்.சி. நல்ல ஃபைலை எடுப்பது விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து. அதைச் சரிசெய்வது டிஸம். அதனால்தான் அது முன்னால். டிஸம் வழக்கமாக நெட்டிலிருந்து எடுக்கும். உங்கள் லைன் தாங்காது என்றால், அதே வெர்ஷன் விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வை (விண்டோஸ் போடும் முழுத் தொகுப்பு ஃபைல்) சோர்ஸாகக் காட்டலாம்.

கடைக்காரர் ஒருவர்: இவ்வளவு எதுக்கு? ஃபார்மட் அடித்தால் வேலை முடிந்தது.

மார்க் லிஸ்ட் போனால் யார் திரும்பத் தருவது? டிஸ்க்கே கெட்டிருந்தால் புது விண்டோஸிலும் இதே எர்ரர் வரலாம்.

அதே கடைக்காரர்: எங்ககிட்ட இருக்கும் விண்டோஸ் காப்பி லேசானது, வேகமாகப் போடலாம்.

லேசாக இருப்பது உள்ளே பல பாகங்களை வெட்டி எடுத்ததால். அதில் டிஸம் சரிசெய்யத் தேடும் பாகமே இல்லாமல் போகலாம். ஃபார்மட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பி எடுத்து, டிஸ்க்கைச் சோதித்த பிறகு, மைக்ரோசாஃப்ட் ஐ.எஸ்.ஓ.வை வைத்துப் போடுங்க. வாடிக்கையாளரிடம் கேட்காமல் சி டிரைவை அழிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இன்செய்ன்: ‘வி.சி.ரன்டைம்140’ இல்லையாம். டி.எல்.எல் லிங்க் ப்ளீஸ்.

பெகு தம்பிக்குச் சொன்னதேதான். லிங்க் தரமாட்டேன்.

சிரியம்: ஸ்டார்ட் ஆகும்போதே ‘பூட்மேனேஜர் இல்லை’.

பூட்மேனேஜர்தான் விண்டோஸைத் தொடங்கிவைப்பது. பென்டிரைவ் செருகியிருந்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து ஸ்டார்ட் ஆகப் பார்க்கலாம்; கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க. அப்புறமும் வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்க.