பேட்டன்ட்டில் இருவர் பெயர்: நண்பர் தனியாகத் தயாரித்து விற்கலாமா?

கேள்வி: தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் ஒன்றை நானும் நண்பரும் சேர்ந்து உருவாக்கினோம். செலவில் 70 சதவீதம் என்னுடையது. இருவர் பெயரிலும் இந்திய பேட்டன்ட் கிடைத்திருக்கிறது. எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. இப்போது அவர் தன் பட்டறையிலேயே செய்து விற்கிறார். எனக்கு ஒரு பைசா தரவில்லை. வேறொரு நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுக்கவும் பேசி வருகிறார். தடுக்க முடியுமா?

பதில்: அவர் செய்து விற்பதைத் தடுக்க முடியாது. லைசென்ஸைத் தடுக்கலாம்.

1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூட்டு உரிமையாளர்களுக்குப் பிரிக்கப்படாத சமபங்கு. யார் எவ்வளவு பணம் போட்டார் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தானாகவோ தன் ஏஜென்ட் மூலமாகவோ தயாரிக்கலாம், விற்கலாம்; அந்த லாபத்துக்கு மற்றவரிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அவரிடம் இயந்திரம் வாங்கிய விவசாயியையும் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. பட்டறையும் ஆட்களும் கையில் இருப்பவருக்கே இந்த விதி சாதகம். பணம் மட்டும் போட்டவர் பாடு திண்டாட்டம்தான். உங்கள் ஆதங்கம் நியாயமானது.

ஆனால் பிறருக்கு லைசென்ஸ் கொடுக்கவும், தன் பங்கை விற்கவும் உங்கள் சம்மதம் கட்டாயம் வேண்டும். எனவே சம்மதம் இல்லை என்று அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் விற்கும் இயந்திரத்தின் பில் யார் பெயரில் இருக்கிறது? அவர் சொந்தப் பெயரில் என்றால் பிரச்சினை இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் என்றால், அவரே இயக்குநராக இருந்தாலும் அந்தக் கம்பெனி சட்டப்படி வேறொரு நபர். ‘என் ஏஜென்ட்தான்’ என்று அவர் வாதாடலாம்; லாபம் கம்பெனிக்கே போகிறது என்றால் அந்த வாதம் பலவீனமாகும். இரண்டு மூன்று பில்களின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள்.

அவர் பங்கை நீங்களே வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. வாய்ப்பேச்சு செல்லாது. 68-வது பிரிவின்படி எல்லா நிபந்தனைகளோடும் எழுத்தில் இருந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். முத்திரைத்தீர்வை கட்டி, படிவம் 16 மூலம் பேட்டன்ட் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பதிவாகாத பத்திரத்தை, பேட்டன்ட் அலுவலக அதிகாரியான கன்ட்ரோலரோ நீதிமன்றமோ அனுமதித்தால் தவிர, உரிமைக்குச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

பேச்சுவார்த்தை முறிந்தால், 51-வது பிரிவின் கீழ் விற்பனை, லைசென்ஸ் குறித்து உத்தரவு கேட்டு கன்ட்ரோலரிடம் மனு போடலாம். நண்பருக்கும் இதே வழி திறந்திருக்கிறது என்பதால், மறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், அவருக்கு லைசென்ஸ் ஆசை இருக்கும் இந்த நேரமே பேரத்துக்கு ஏற்றது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. கையெழுத்துக்கு ஈடாக லைசென்ஸ் தொகையில் 70 சதவீதம், அவர் விற்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தொகை என்று கேட்டு, ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். உங்களில் ஒருவர் காலமானால் அவர் பங்கு மற்றவருக்கு வராது. அசையும் சொத்தைப் போல வாரிசுகளுக்குப் போகும். அவர்களையும் கட்டுப்படுத்தும்படி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் புதுப்பிப்புக் கட்டணத் தேதியைத் தவறவிடாதீர்கள். நண்பர் பாதி தரட்டும் என்று காத்திருந்தால் பேட்டன்ட்டே காலாவதியாகிவிடும். முழுத் தொகையையும் நீங்களே கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.