'வித்தவுட் யூ' பாடலை மரியா கேரியைவிட நன்றாக யாராவது திரும்பப் பாடியிருக்கிறார்களா?

உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதாவது ஒரு பாட்டுப் போட்டியில் இதைக் கேட்டிருப்பீர்கள். அல்லது 2008இல் பல்கேரியப் போட்டி ஒன்றில் ஒரு பெண் இதை 'கென் லீ' என்று பாடி, உலகமே சிரித்த அந்தக் காணொளி கண்ணில் பட்டிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஆங்கிலப் பாடல் அமெரிக்கப் பாடகி மரியா கேரியுடையது இல்லை. இதைத் திரும்பப் பாடிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

பதில் அவ்வளவுதான். கேள்வி என் பழைய புண்ணில் பட்டுவிட்டதால் மேலும் கொஞ்சம் எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு விடைபெறலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகத்தில் இரவு வேளைகளில் கீபோர்டு வாசித்துப் பாடிக்கொண்டிருந்தேன். உடன் கிட்டார் வாசித்தவர் பெரம்பூரில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியர். என்னைவிட மிகவும் மூத்தவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். சாப்பிட வருகிறவர்கள் பாடலின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள். 'வித்தவுட் யூ, மரியா கேரி' என்ற சீட்டு அப்போது ஓயாமல் வரும். அங்கிள் பேனாவை எடுத்து, பாடகியின் பெயரை அடித்துவிட்டு, பாடலை எழுதியவர்களின் பெயர்களை 'ஹாம், எவன்ஸ்' என்று எழுதி என் முன்னால் வைப்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

ஒரு நாள் நான் பாடி முடித்ததும் விருந்தினர் ஒருவர் மேடை வரைக்கும் வந்தார். "மரியா கேரி பாட்டை இப்படிக் கெடுத்துவிட்டீர்களே, அந்த உச்சம் எங்கே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் பாடியது பேட்ஃபிங்கர் குழுவின் மூல வடிவம், அதில் நீங்கள் சொல்லும் உச்சம் கிடையாது என்றேன். "யார் அது?" என்றார். மேலாளர் ஓடிவந்து என் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சீட்டில் எழுதியிருப்பதை எழுதியபடியே பாட வேண்டும் என்று மறுநாள் எனக்கு உத்தரவு வந்தது.

யார் அது என்று அன்று சொல்ல விடவில்லை; இங்கே சொல்லிவிடுகிறேன். பீட் ஹாம் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்துக்காரர். டாம் எவன்ஸ் லிவர்பூல்காரர். இவர்களுடைய குழுவைப் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டபோது அதன் பெயர் 'தி ஐவீஸ்'. பேட்ஃபிங்கர் என்பது பிறகு வைத்த பெயர். ஹாமிடம் நல்ல சரணம் ஒன்று இருந்தது, அதற்கேற்ற பல்லவி அமையவில்லை. எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் இல்லை. இரண்டையும் சேர்த்ததில் பிறந்தது இந்தப் பாடல். 1970இல் வந்த 'நோ டைஸ்' இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசியில் அதை வைத்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தட்டாகக்கூட வெளியிடவில்லை. அந்தத் தட்டில் வெற்றி பெற்றது 'நோ மேட்டர் வாட்' என்ற வேறொரு பாடல்.

ஹாரி நில்சன் என்ற அமெரிக்கர் இதை எங்கோ கேட்டு, பீட்டில்ஸ் பாடல் என்று நினைத்தாராம். 1971இல் லண்டன் ட்ரைடன்ட் ஸ்டுடியோவில் ரிச்சர்ட் பெர்ரியின் தயாரிப்பில் அவர் பாடிப் பதிவு செய்தார். பேட்ஃபிங்கரின் பதிவில் கிட்டாரும் ஆர்கனும் முன்னால் நிற்கும். பல்லவியைக் குரல்கள் சேர்ந்து பாடும். நான்கு நண்பர்கள் ஒருவனுடைய துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல் இருக்கும். நில்சன் அந்தத் துணையை எடுத்துவிட்டார். கேரி ரைட் என்பவரின் பியானோ மட்டும் தொடங்குகிறது. குரல் அடங்கி வருகிறது. பால் பக்மாஸ்டர் அமைத்த வயலின்கள் பின்னாலிருந்து மெல்லச் சேர்கின்றன. பல்லவி திரும்ப வரும்போது குரல் சட்டென்று மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே தவிக்கிறது. பாடகனின் கட்டுப்பாடு போய்விட்டது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அமெரிக்காவில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். கிராமி விருதும் கிடைத்தது. நில்சனே நல்ல பாடலாசிரியர். ஆனால் பாடகராக அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த இரண்டும், அதாவது இதுவும் 'எவ்ரிபடிஸ் டாக்கின்'னும், பிறர் எழுதியவை. அவர் எழுதிய 'ஒன்' பாடலை ஊரறியச் செய்தவர்களோ த்ரீ டாக் நைட் குழுவினர்.

மரியா கேரி 1993இல் 'மியூசிக் பாக்ஸ்' தொகுப்பில் இதைப் பாடினார். 1994 ஜனவரி 15 அன்று நில்சன் இறந்தார். அந்தச் சமயத்தில்தான் இது தனிப்பாடலாக வந்தது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். பியானோத் தொடக்கம், படிப்படியான ஏற்றம் எல்லாம் நில்சன் போட்ட பாதை. பேட்ஃபிங்கரின் சாயல் அதில் அநேகமாக இல்லை. மரியா கேரியின் ரசிகர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கிருக்கும் குரல் இந்த வடிவங்களில் வேறு யாருக்கும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் எந்த உயரத்துக்கும் சிரமமில்லாமல் போய்விடுகிறது. இந்தப் பாடலுக்குச் சிரமம் தெரிய வேண்டும். என் தராசில் நில்சன் முதலிடம், பேட்ஃபிங்கர் இரண்டு, மரியா கேரி மூன்று. பெண் குரல் என்பதால் தாழ்த்துகிறேன் என்று யாராவது எழுதப்போகிறீர்கள்; எழுதிக்கொள்ளுங்கள்.

பாடலை எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கேட்க எனக்கே மனம் வராது. பேட்ஃபிங்கரின் பணம் நிர்வாகச் சிக்கலில் மாட்டிக்கொண்டு கைக்கு வராமல் போனது. 1975 ஏப்ரலில், இருபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஹாம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். பிறகு இந்தப் பாடலின் வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று எஞ்சியவர்களுக்குள் சச்சரவு. 1983 நவம்பரில் எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். பாடல் உலகம் முழுவதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

பணம் என்றதும் எனக்கு அந்த ஹோட்டல் நினைவு வந்துவிடுகிறது. விருந்தினர்கள் எங்களுக்கென்று கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போகும் நோட்டுகளைப் பொதுப் பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசியில் பிரிப்பார்கள், பிரிக்கிறவர் மேலாளர். எங்கள் பங்கு எப்படி அவ்வளவு சுருங்கியது என்று கேட்டால், கண்ணாடிக் குவளை உடைந்த கணக்கைக் காட்டுவார். நாங்கள் குவளையைத் தொட்டதே இல்லை. இரவுச் சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்த்தார்கள். நாங்கள் வாசித்து முடித்து உள்ளே போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். தட்டில் ஆறிப்போன சோறும் தயிரும். அங்கிள் அதையும் நாப்கினை மடியில் விரித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். வேறு எங்கே போய்ச் சொல்வது?

கேட்பதாக இருந்தால் பேட்ஃபிங்கரில் தொடங்கி, நில்சன், அதற்குப் பிறகு மரியா கேரி என்று வரிசையாகக் கேளுங்கள். யாருடைய வரவேற்பிலாவது பாடத்தான் கேட்கிறீர்கள் என்றால், முதலில் இது பிரிவைப் பற்றிய பாடல், கல்யாண வீட்டுக்கு ஆகாது. அப்படியும் பாடியே தீருவேன் என்றால் பேட்ஃபிங்கர் வடிவத்தை எடுத்து, சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். உச்சம் எங்கே என்று ஒருவர் எழுந்து வரத்தான் செய்வார். அவரை என்னிடம் அனுப்புங்கள்.