பள்ளியில் குடற்புழு மாத்திரை தவறிவிட்டதா?

சகோதரி, காய்ச்சலால் லீவு போட்ட அன்றுதான் நாலாம் வகுப்பு மகளின் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். காய்ச்சலோடு வந்திருந்தாலும் அன்று கொடுத்திருக்க மாட்டார்கள். விடுபட்டவர்களுக்கென்றே ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் வைப்பார்கள். வகுப்பாசிரியரிடம் தேதி கேளுங்கள். அதுவும் போய்விட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அப்படியே விழுங்காமல் நன்றாக மென்று தின்ன வேண்டும். போன தடவை வயிறு வலித்தது என்றீர்களே, வயிற்றில் பூச்சி அதிகமிருந்தால் லேசான வலியும் குமட்டலும் வரும், தானே அடங்கிவிடும். என் பையனுக்கும் வந்தது. சாயங்காலமே விளையாடப் போய்விட்டான். வலி நிற்காவிட்டால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கழிப்பறைக்குப் போகும்போது செருப்புப் போடுகிறாளா? குடற்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்கால் வழியாகத்தான் ஏறும்.