அருல்கோவுக்கு மீண்டும் போகலாமா?

கேள்வி: ‘ஜேகட் அலையன்ஸ் 2’ விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய 1.13 பதிப்பை, பேட்டரி நிற்காத என் பழைய மடிக்கணினியில் நிறுவலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக நிறுவலாம், ஆனால் மூல விளையாட்டின் கோப்புகள் இன்றி அது இயங்காது என்பதால், முதலில் அதை முறையாக வாங்கிவிடுங்கள். 1999-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் கடைசி அதிகாரபூர்வப் பதிப்பு 1.12 என்பதால்தான், மூலநிரல் வெளியானபின் பணியைத் தொடர்ந்த ரசிகர்கள் தங்கள் பதிப்புக்கு 1.13 என்று பெயரிட்டார்கள்; பணிவும் உரிமையும் கலந்த அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். 640 × 480 பிக்சல் அளவுக்குள் அடங்கிக் கிடந்த, கதை நடக்கும் கற்பனை நாடான அருல்கோ, இதில் அகன்ற திரையில் விரிகிறது. துப்பாக்கியின் எடை, சுடுதூரம் போன்றவை எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவக் கோப்புகளில் இருப்பதால் நோட்பேடிலேயே திருத்தலாம். திருத்தும் முன் நகலெடுத்து வையுங்கள். இரு பருவமழைகளையும் காணும் நம் குமரி மாவட்டத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் மறக்காமல் சேமித்துக்கொள்ளுங்கள்.