படிக்கப் பிடிக்கவில்லை - கடிதம்

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். மார்த்தாண்டத்தில் பிளஸ் ஒன், பயாலஜி குரூப். பத்தாம் வகுப்பில் 500க்கு 478 எடுத்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பாக இருக்கிறது. காலை 5 மணிக்கு எழுந்து டியூஷன், அப்புறம் பள்ளி, சாயங்காலம் நீட் வகுப்பு, படுக்க 12 ஆகிவிடும். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். "உனக்கு மடி (சோம்பல்) பிடிச்சுப் போச்சு" என்கிறார். ஊக்கம் தரும் வீடியோக்களும் பார்த்தாயிற்று. மறுநாள்வரைகூடத் தாங்கவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளே,

மடி என்று எனக்குத் தோன்றவில்லை. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், நீ தூங்குவது 5. அதிலும் இந்த வயதில் உடம்புக்குத் தூக்கம் வருவதே தாமதமாகத்தான், அப்படியிருக்க விடியுமுன் டியூஷன் வைப்பவர்கள் என்ன கணக்கில் வைக்கிறார்களோ! ஒரே மரத்தைத் தினமும் வெட்டினால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டுப் பார். பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்று அவரே சொல்வார். அந்தச் சூட்டோடு காலை டியூஷனை நிறுத்தும் பேச்சையும் எடுத்துவிடு.

அப்புறம், பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே புத்தகம், இப்போது இயற்பியல் இரண்டு தொகுதி, வேதியியல் இரண்டு தொகுதி, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி. வேதியியலில் முதல் பாடத்திலேயே மோல் கணக்கு வந்துவிடும், அங்கே தடுக்கியவர்களுக்குப் பின்னால் வரும் கணக்குகளும் தடுக்கும். நீ வெறுப்பு என்று சொல்வதில் பாதி, புரியாத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எரிச்சலாக இருக்கலாம். கடைசியாக எந்தப் பாடம் முழுதாகப் புரிந்ததோ அங்கே திரும்பிப் போ, வெட்கப்படாமல் டீச்சரிடமோ கூட்டுக்காரியிடமோ கேள், தினம் நாலு கணக்கு போதும். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பதால் அவகாசம் இருக்கிறது. ஆனால் நீட்டில் இரண்டு வருடப் பாடமும் வரும், பிளஸ் ஒன்னை அப்படியே விட்டுவிடாதே. வீடியோவை நிறுத்து. அது படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியைத் தரும், அவ்வளவுதான்.

ஒன்று கவனித்தேன். டாக்டராக வேண்டும் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீ எழுதவில்லை. நம்ம ஊரில் இவ்வளவு மார்க் எடுத்த பிள்ளையை வேறு குரூப்பில் சேர்க்க வீட்டில் மனசு வராது, தெரியும். ஆனாலும் உனக்கு என்ன வேண்டும் என்று நீயாவது ஒருமுறை கேட்டுக்கொள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை.

படிப்பு மட்டுமல்ல, சாப்பாடு, பேச்சு எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடு. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.