காலைக் காப்பியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 46. வாரம் ஒரு நாள் கறி, ரெண்டு மூணு நாள் மீன், தினமும் பால், தயிர் என்று இருக்கும் சாதாரண வீடு எங்களுடையது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன வருஷம் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. அவள் பேசுவதைக் கேட்கக் கேட்க, நாமும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. முழுசாக மாற என்னால் முடியாது, அந்த ஆசையும் இல்லை. வாரத்தில் பாதிச் சாப்பாடாவது அப்படி இருந்தால் போதும். கணவருக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. அத்தைக்கு 74 வயது. "பாலு ஊத்தாத காப்பியக் குடிக்க நமக்கு என்ன கேடாட்டி வந்துச்சு?" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? சத்து குறைந்துவிடாதா? பாதி வீகன் என்பது சும்மா பேருக்குச் செய்வது ஆகிவிடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1944இல் இங்கிலாந்தில் சங்கம் வைத்து இந்தக் கொள்கைக்குப் பெயர் சூட்டியவர்களின் கணக்குப்படி, பாதி வீகன் என்று யாரும் கிடையாது. உங்கள் மகள் வீகன், நீங்கள் இல்லை. இல்லாவிட்டால் என்ன? நீங்கள் கேட்பது வாரத்தில் பத்து வேளைச் சாப்பாட்டை மாற்ற ஒரு வழி. அதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். சொல்லப்போனால் வீட்டில் இதற்குப் பெயரே வைக்காமல் இருப்பது நல்லது. "நாளையிலேருந்து நான் வீகன்" என்று அறிவித்துப் பாருங்கள், ஆளாளுக்கு வாதத்துக்கு வருவார்கள். பேசாமல் ஒரு கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கறியை விடுவது நம் பக்கத்தில் பழகிய வேலைதான். புரட்டாசி முழுக்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருச்செந்தூர் சஷ்டிக்கு விரதம், சபரிமலைக்கு மாலை, தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்று எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு காரணம் உண்டு. ஆனால் அந்த நாள்களில் பாலும் தயிரும் நெய்யும் குறைவதில்லை, கூடத்தான் செய்யும். அதனால் உங்களுக்கு வேலை இருப்பது மீன் சட்டியில் இல்லை, பால் பாத்திரத்தில். ஞாயிற்றுக்கிழமைக் கறியையும், வாரத்தில் ஒரு மீன் குழம்பையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து இழுத்தால் வீடு முழுக்க எதிர்ப்பு வரும், பலன் கொஞ்சம்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரத்துக்கு நீங்கள் வழக்கமாகச் சமைப்பதைச் சமைத்து, பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி எது எந்த வேளையில் வருகிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். இட்லிக்கும் தோசைக்கும் சட்னி, சாம்பார், எண்ணெய் விட்ட பொடி. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். புட்டுக்குப் பழம். காப்பியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், காலைச் சாப்பாட்டில் முக்கால்வாசி ஏற்கனவே உங்கள் மகள் சாப்பிடுகிற சாப்பாடுதான். வெண்பொங்கல்தான் நெய் இல்லாமல் சப்பென்று இருக்கும். அதை நெய்யோடே சாப்பிடுங்கள்.

மதியத்துக்கும் இந்தச் சீமையில் பஞ்சமில்லை. கூட்டாஞ்சோறு இருக்கிறது: அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, வீட்டில் கிடக்கும் காயெல்லாம் ஒரே பானையில். மேலே வடகத்தைப் பொரித்துப் போட்டு, நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டால் தீர்ந்தது. அவியலுக்குத் தயிர் வேண்டியதில்லை, மாங்காயோ கொஞ்சம் புளியோ போதும். மீன் குழம்புக்கு அரைக்கிற அதே தேங்காய் அரைப்பில் முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுப் பாருங்கள். மீன் இல்லை என்று உங்கள் கணவருக்குத் தெரியும், ஆனால் கோபம் வராது.

இவை எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது உளுந்தம்பருப்புச் சோற்றுக்கும் எள்ளுத் துவையலுக்கும். அரிசியில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, அது பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அது அரிசியிலும் எள்ளிலும் இருக்கிறது. தோலோடு உடைத்த கருப்பு உளுந்து, அரிசி, தேங்காய், பூண்டு, பக்கத்தில் எள்ளுத் துவையல் என்று ஒரு தட்டில் வைத்தால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பிவிடும். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் நம் ஆச்சிமார் சேர்த்துவைத்த ஜோடி இது. சிலர் இதோடு கோழிக்குழம்பு கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குத் தனியாக வைத்துவிடுங்கள்.

சொதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மறுவீட்டுச் சாப்பாட்டின் ராஜா அதுதான். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால், எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று முழுக்கச் செடியிலிருந்து வருவதுதான். அதற்காக மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று வாரம் நான்கு நாள் வைத்துவிடாதீர்கள். தேங்காய்ப்பாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சொற்பம், நிறைவுற்ற கொழுப்பு அதிகம். மாதம் ரெண்டு தடவை, மனசாரச் சாப்பிடுங்கள்.

சரி, பாலுக்கு வருவோம்.

காலைக் காப்பியில் கை வைக்காதீர்கள். நாளின் முதல் டம்ளரை மாற்றப் போய் மொத்தத் திட்டத்தையும் கைவிட்டவர்கள் நிறைய. நாலு மணிக் காப்பியைப் பிடியுங்கள். அதைக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பியாகவோ சுக்குக் காப்பியாகவோ ஆக்குங்கள். கருப்பட்டி பாலில் விழுந்தால் சில சமயம் பால் திரிந்துபோகும் என்பது உங்கள் அத்தைக்கே தெரிந்த விஷயம். பால் ஊற்றாத காப்பிக்குத்தான் அது பொருத்தம். உடன்குடிக் கருப்பட்டி நல்லதாகக் கிடைத்தால் ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும். ஆனால் கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மருந்து மாதிரி நினைத்துக் குடிக்கக் கூடாது.

பாக்கெட்டில் வரும் சோயா பால், ஓட்ஸ் பால் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓட்ஸ் பால் விலைக்கு அதில் புரதம் குறைவு. சோயா பால் தேவலை, கால்சியம் சேர்த்தது என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. செடியில் செய்த கறி, செடியில் செய்த சீஸ் எல்லாம் நம் சமையலுக்கு ஒட்டவே ஒட்டாது. காசை மிச்சம் பிடியுங்கள்.

தயிர்தான் கஷ்டம். நிலக்கடலையில் தயிர் போடலாம். ஒரு கப் பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிண்டி நன்றாகக் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்புக்கு வந்ததும் உறை ஊற்ற வேண்டும். உங்கள் மகளுக்கென்றால் உறைமோருக்குப் பதில் நாலைந்து மிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவைக்கலாம். நம் ஊர் வெயிலில் ஒரு ராத்திரிக்குள் உறைந்துவிடும். உங்களுக்கென்றால் ஒரு ஸ்பூன் வழக்கமான தயிரையே ஊற்றுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. இந்தத் தயிர் மோர்க்குழம்புக்கும், கடுகு, இஞ்சி, கருவேப்பிலை தாளித்த தயிர்சாதத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கடைசியில் வெறும் சோற்றில் ஊற்றி உப்புப் போட்டுப் பிசைந்தால் கடலை வாசனை காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கணவர் கேட்பது அந்தக் கடைசிப் பிடியைத்தான் என்றால், அவருக்கு மாட்டுத் தயிரையே வைத்துவிடுங்கள். நீங்கள் ரசத்தோடு முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் காலையில் பழையதுக்கு மோர் ஊற்றாமல் நீத்தண்ணியும் சின்ன வெங்காயமும் புளிமிளகாயும் போதும். வெயில் காலத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

நெய்யை விடுவது சுலபம். பருப்புச் சோற்றுக்கு நல்லெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். காணத் துவையலுக்கு, அதாவது கொள்ளுத் துவையலுக்கு, நல்லெண்ணெய்தான் ஏற்கனவே ஊற்றுகிறோம்.

இனிச் சத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். நீங்கள் 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம். கால் கிலோ அரிசியில் ஏறக்குறைய 20, அறுபது கிராம் பருப்பில் 13, ஒரு கை கடலையில், அதாவது ஐம்பது கிராமில், 12. மீதி காய்கறியிலும் இட்லி மாவு உளுந்திலும் வந்துவிடும். தவறு நடப்பது எங்கே என்றால், பாலைக் குறைத்த இடத்தில் பருப்பைக் கூட்டாமல் சோற்றைக் கூட்டும்போதுதான்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலை விட்டால் கிட்டத்தட்ட 240 போகிறது. எழுபது கிராம் கேப்பை (கேழ்வரகு) மாவில் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். எள்ளிலும் நிறைய உண்டு, ஆனால் தோலில் உள்ள, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்கிற பொருளால் முழுதும் உடம்பில் சேராது. கேப்பை, முருங்கைக்கீரை, எள் மூன்றும் வாரத்தில் மாறி மாறி வரட்டும். கீரை சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண்.

வைட்டமின் பி12 மட்டும் தனி. அது செடியில் நம்பி எடுக்கும் அளவுக்குக் கிடையாது. பழைய சோற்றில் கிடைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். நீங்கள் மீன், கறி, கொஞ்சம் பால் என்று தொடர்வதால் பெரிய கவலை இல்லை. கவலை உங்கள் மகளுக்குத்தான். பி12 மாத்திரை எடுக்கிறாளா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கொள்கைக்கும் இதற்கும் சண்டை இல்லை. வீகன் சங்கத்துக்காரர்களே இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் அத்தை. 74 வயதில் எலும்புக்கும் தசைக்கும் பாலும் தயிரும் அவருக்கு வேண்டும். அவர் டம்ளரைத் தொடவே தொடாதீர்கள். அவரை மாற்றப் பார்ப்பதை விட அவரிடம் கேட்பது பலன் தரும். அவர் சின்ன வயதில் வீட்டில் மாடு வற்றிய மாதங்களில் என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். தீயல், இடிசாம்பார், உளுந்தங்களி என்று ஒரு மாதத்துக்கான சமையல் அவர் வாயிலிருந்தே வரும். சமைப்பதும் அவர்தான் என்றால் ரெண்டு விதமாகச் சமைக்கச் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று, மேலே ஊற்றும் நெய்யும் தயிரும் மட்டும் அவரவர் விருப்பம்.

மகள் தீபாவளிக்கு வருகிறாள் என்றால் பலகாரத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நெல்லையப்பர் கோயில் பக்கம் போய் அல்வா வாங்கிவிட்டு, "கோதுமைப்பாலு தானே" என்று நீட்டாதீர்கள். கோதுமைப்பால்தான், கூடவே நெய்யும் வழிகிறது. அவளுக்கு முதலூர் மஸ்கோத் அல்வா வாங்குங்கள். அது தேங்காய்ப்பாலில் கிண்டுவது. நெய் சேர்த்திருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் சரிவரும், வெல்லமும் கடலையும்தான். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. அதை உங்கள் கணவருக்குக் கொடுத்துவிடுங்கள்.