எந்த வேலைக்கு எந்த அளவை? நில எல்லை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு மனை வாங்கப் போகிறேன். சர்வேயரைக் கூப்பிட்டால் "எதற்காக அளக்க வேண்டும்?" என்று கேட்கிறார். அளப்பதில் அவ்வளவு வகை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அப்படிக் கேட்கும் சர்வேயரை விட்டுவிடாதீர்கள். இடம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் எல்லை அளவை. தரை எப்படி ஏறி இறங்குகிறது, எங்கே மரம், எங்கே வடிகால் என்று தெரிய டோப்போ சர்வே. ஒரு நிலத்தைப் பல பங்காக்க உட்பிரிவு அளவை. கட்டப்போகும் கட்டடத்தைத் தரையில் குறிக்க மார்க்கிங். கட்டி முடித்ததைப் பதிவு செய்யவும் தனி அளவை உண்டு. உங்களுக்கு வேண்டியது எல்லை அளவை. பணம் கைமாறும் முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: எல்லை அளவைக்கு ஏன் இத்தனை நாளாகிறது? டேப் பிடித்து அளந்தால் போதாதா?

பதில்: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று டேப் சொல்லும். அந்தப் புள்ளிகள்தான் உங்கள் நிலத்தின் மூலைகளா என்று அதற்குத் தெரியாது. வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சர்வேயர் உங்கள் பத்திரத்தோடு பக்கத்து நிலங்களின் பத்திரங்களையும் பழைய வரைபடங்களையும் படிப்பார். இரண்டு பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும், நடுவில் ஒரு துண்டு யாருக்கும் சேராமல் நிற்பதும் அப்போதுதான் வெளிவரும். பிறகு களத்தில் பழைய கல், இரும்புக் கம்பி, வேலிக்காலின் அடிப்பகுதி எல்லாவற்றையும் தேடுவார். மண்மூடிப் போன கம்பியை உலோகம் கண்டறியும் கருவி வைத்துத் தோண்டி எடுப்பதும் உண்டு. அதன் பிறகுதான் அளவு.

பத்திரத்தில் 30 மீட்டர் என்றிருக்கும். ஆதியில் நட்ட கற்களுக்கு நடுவே 29.8 மீட்டர்தான் இருக்கும். எதை எடுத்துக்கொள்வது? கல் அசையாமல் இருக்கிறது என்று உறுதியானால், பெரும்பாலும் கல்லுக்குத்தான் முதலிடம். அன்று வாங்கியவரும் விற்றவரும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டது அதைத்தானே. ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளங்கள், அடுத்து நட்ட கற்கள், அடுத்து திசையும் தூரமும், கடைசியில் பரப்பு என்பது பல நாடுகளில் வழங்கும் வரிசை. பரப்பு கணக்குப் போட்டு வந்த எண் என்பதால் மற்றவற்றில் உள்ள பிழையெல்லாம் அதில் வந்து சேரும்.

கேள்வி: மொபைல் மேப்பில் என் எல்லைக்கோடு பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகப் போகிறது. அவரிடம் பேசலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. திறந்த வெளியிலேயே மொபைல் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்ட கோடும் தன் பங்குக்கு நகர்ந்திருக்கும். சர்வேயர்களின் ஆர்டிகே கருவி, அதாவது இன்னொரு நிலையத்தின் உதவியோடு பிழையைத் திருத்திக்கொள்ளும் ஜிபிஎஸ், ஓரிரு சென்டிமீட்டர் துல்லியம் தரும். ஆனால் அடர்ந்த மரத்தடியிலும் உயரமான சுவர் ஓரத்திலும் அதுவும் தடுமாறும்; அங்கே கோணத்தையும் தூரத்தையும் ஒளிக்கதிரால் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்தான் சரி. எல்லை அளவை கையில் இல்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் உறவுதான் கெடும்.

கேள்வி: தாத்தா காலத்துப் பத்திரத்தைவிட இப்போது பரப்பு குறைகிறது. யாராவது நகர்த்தியிருப்பார்களா?

பதில்: அதை முடிவு செய்யும் முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, சரிவு. நிலத்தை எப்போதும் கிடைமட்டமாகத்தான் கணக்கிட வேண்டும். 10 பாகை சரிவில் தரையோடு 100 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 98.5 மீட்டர்கூட வராது. இரண்டாவது, அன்று நிலம் அளந்த சங்கிலி. 66 அடி நீளம், 100 கண்ணிகள். பயன்படுத்தப் பயன்படுத்த வளையங்கள் தேய்ந்து நீளம் கூடும். நீண்டுபோன சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். உங்கள் பழைய பத்திரமோ கூட்டித்தான் காட்டுகிறது. ஆகவே உங்கள் வித்தியாசத்துக்குச் சங்கிலி காரணம் இல்லை, சரிவாக இருக்கலாம். மூன்றாவது, திசைகாட்டி. காந்த வடக்கு ஆண்டுதோறும் நகர்கிறது. பழைய திசைக் கோணத்தை இன்று அப்படியே போட்டால் கோடு வேறு இடத்தில் விழும்.

கேள்வி: கடனுக்காக வங்கி ஒரு சர்வே வரைபடம் வாங்கியது. அதை வைத்தே காம்பவுண்டு சுவர் எழுப்பலாமா?

பதில்: கூடாது. கட்டடம் மனைக்குள் இருக்கிறதா என்று கடன் கொடுப்பவர் திருப்திப்பட எடுக்கும் வரைபடங்களில் பெரும்பாலும் மூலைகளைத் தேடிக் கல் நட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: வீடு கட்ட டோப்போ சர்வேயும் வேண்டுமா?

பதில்: சமதளமான சிறு மனை என்றால் சில இடங்களில் தரையின் உயரத்தை அளந்தால் போதும். சரிவான இடத்தில் கண்டிப்பாக வேண்டும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு. அப்புறம், மார்க்கிங் போடும்போது முளைகளைப் பள்ளத்துக்கு வெளியே தள்ளியும் அடிக்கச் சொல்லுங்கள், தோண்டும்போது உள்ளே இருப்பவை போய்விடும். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே அளந்து பாருங்கள்: 9க்கு 12 மீட்டர் கட்டடத்தில் இரண்டுமே 15 மீட்டர் வர வேண்டும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர், நிலத்தைச் சமமாகப் பிரிக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வழியை. பரப்பு சமமாக இருந்தும் பின்பக்கப் பங்குக்குப் போக வர வழி இல்லையென்றால் அது பங்கே இல்லை. உட்பிரிவு வரைபடத்திலேயே வழியின் அகலத்தைக் காட்டி, பத்திரத்திலும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வேயர் ஒரு கோடு சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரின் சர்வேயர் இன்னொன்று. யார் சொல்வது செல்லும்?

பதில்: இருவரும் எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார்கள், எந்தப் பத்திரத்தை எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். சண்டை பெரும்பாலும் அளவில் இருக்காது, தொடக்கத்தில் இருக்கும். இருவரையும் ஒன்றாகக் களத்துக்கு வரச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் நீதிமன்றம்தான். சர்வேயர் சான்றோடு கருத்துச் சொல்பவர், உரிமையைத் தீர்மானிப்பவர் அல்ல.

கேள்வி: மண் தோண்டும் இயந்திரம் எங்கள் எல்லைக்கல்லைப் பெயர்த்துவிட்டது. குழி தெரிகிறது, அதிலேயே நட்டுவிடட்டுமா?

பதில்: நடாதீர்கள். கல்லை நகர்த்துவது பல நாடுகளில் குற்றம். நீங்களாக நட்டால் உங்கள்மேல் சந்தேகம் வரும். குழியைப் படம் எடுங்கள், பக்கத்துக்காரரிடம் உடனே சொல்லுங்கள், இயந்திரத்தை அந்தப் பக்கம் விடாதீர்கள். மற்ற மூலைக் கற்கள் நன்றாக இருந்தால் சர்வேயர் அவற்றிலிருந்து அளந்து அதே இடத்தில் மீண்டும் நட்டுத் தருவார்.